ஏழை நாடுகளில் வறுமையைக் குறைக்கத் தொழில்நுட்பமும் நன்கொடையும் உண்மையிலேயே உதவுகின்றனவா?

உதவுகின்றன. ஆனால் அதிகம் உதவியது யாரும் போட்டோ எடுத்துப் போடாத தொழில்நுட்பம்தான் என்பது என் கருத்து.

போட்டோவுக்கு ஏற்ற ரகத்துக்கு 'பிளேபம்ப்' நல்ல உதாரணம். குழந்தைகள் ராட்டினம் சுற்ற, நிலத்தடி நீர் தொட்டிக்கு ஏறும். கேட்கவே நன்றாக இருக்கிறது இல்லையா? 2006-இல் அமெரிக்காவில் இதற்கு 1.64 கோடி டாலர் அறிவித்தார்கள். ஆப்பிரிக்காவில் 4,000 பம்புகள் வைப்பதாகத் திட்டம். குழந்தைகள் அலுத்துப்போய் ஓடிவிட, குடத்தோடு வந்த பெண்கள்தான் அதைக் கையால் தள்ள வேண்டியிருந்தது. சொன்ன அளவு தண்ணீர் வர, பிள்ளைகள் ஒரு நாளைக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று கார்டியன் பத்திரிகை கணக்குப் போட்டது! சாதாரண அடிபம்பே போதுமாக இருந்த ஊர்கள் அவை.

இப்போது போன் வழியாகப் பணம் அனுப்பும் கென்யாவின் எம்-பெசா சேவையைப் பாருங்கள். 2007-இல் சஃபாரிகாம் என்ற போன் நிறுவனம் தொடங்கியது, ஆரம்ப முயற்சிக்கு பிரிட்டன் அரசின் உதவி நிதியும் கிடைத்தது. பட்டன் போன் போதும், இணையம் வேண்டாம். நைரோபியில் வேலை பார்ப்பவர் ஊருக்குப் பணம் அனுப்ப பஸ்காரரையோ தெரிந்தவரையோ நம்ப வேண்டியிருந்த காலம் போய், மெசேஜ் வந்ததும் அம்மா பக்கத்துக் கடையில் பணத்தை வாங்கிக்கொள்கிறார். இதனால் சுமார் 1,94,000 குடும்பங்கள் கடும் வறுமையிலிருந்து வெளியே வந்தன என்று 2016-இல் ஒரு ஆய்வு மதிப்பிட்டது.

நன்கொடைக்கும் அதே வழிதான் கைகொடுத்தது. கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பு மேற்குக் கென்யாவின் ஏழைக் குடும்பங்களுக்குப் பணத்தைப் போனிலேயே அனுப்பியது. எதற்குச் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. "குடித்தே தீர்ப்பார்கள்" என்று நம் ஊரில் சொல்வது போலவே அங்கேயும் சொன்னார்கள். ஆய்வில் குடிச்செலவு கூடவில்லை. ஆடு மாடு வாங்கினார்கள், கூரையை எடுத்துவிட்டுத் தகரம் போட்டார்கள்.

சரி, ஊரில் திடீரெனக் காசு புழங்கினால் விலைவாசி ஏறாதா? எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. பத்தாயிரத்துக்கும் அதிகமான குடும்பங்களுக்குத் தலா சுமார் 1,000 டாலர் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2022-இல் வெளியானது. விலை ஏறக்குறைய ஏறவே இல்லை. கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் உள்ளூர் வருமானம் சுமார் இரண்டரை டாலர் கூடியது. பணம் வாங்காத பக்கத்து வீட்டுக்காரருக்கும் வியாபாரம் நடந்தது.

இதிலும் ஓட்டை உண்டு. 2022-இல் காங்கோவில் கிவ்டைரக்ட்லியின் சொந்த ஊழியர்கள் சிலரே வேறு சிலரோடு சேர்ந்து, மக்களுக்குப் போக வேண்டிய சுமார் 9 லட்சம் டாலரைச் சுருட்டினார்கள். சிம் கார்டைப் பதிவு செய்துகொடுக்கும் இடத்திலேயே கைவைத்துவிட்டார்கள். அமைப்பே அதை வெளியில் சொன்னது. வருடம் ஒரு முறை நான் அனுப்பும் சிறு தொகை இன்னமும் அங்கேதான் போகிறது, மறைத்திருந்தால் நிறுத்தியிருப்பேன்.