தனியாக நின்றால் அது கூட்டமா? வாசகர் கேள்விகளுக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சுமந்து வந்திருக்கின்றன. கட்சி இல்லை, சங்கம் இல்லை, பின்னால் நிற்க நான்கு பேர் இல்லை. ஆனாலும் மனதில் பட்டதைத் தெருவில் நின்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்ல வருபவர்களைச் சட்டம் தெரியாது என்பதை வைத்தே வீட்டுக்கு அனுப்பிவிடுவதை முப்பது ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

குடிநீர் வராததைக் கண்டித்துப் பேரூராட்சி அலுவலகம் எதிரே நான் மட்டும் ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “கூட்டம் கூட அனுமதி வாங்கினீர்களா?” என்று உதவி ஆய்வாளர் கேட்டார். ஒருத்தி நின்றால் கூட்டமா, ஐயா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்)

இல்லை, அம்மா. சட்டவிரோதக் கூட்டம் என்று சொல்லவே குறைந்தது ஐந்து பேர் வேண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 141ஆம் பிரிவிலும் அதுதான் கணக்கு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 189ஆம் பிரிவிலும் அதுதான் கணக்கு. தனியாக அட்டை பிடிப்பவர் பயன்படுத்துவது அரசமைப்பின் 19ஆம் பிரிவு தரும் கருத்துரிமையை. ஆர்ப்பாட்டமும் கருத்தைச் சொல்லும் ஒரு வழிதான் என்று காமேஷ்வர் பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962லேயே சொல்லிவிட்டது.

இதை வைத்து, தனி ஆளை யாரும் தொட முடியாது என்று நினைத்துவிடாதீர்கள். நாம் ‘144’ என்று சொல்லிப் பழகிய தடையுத்தரவு இப்போது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவு. அதை ஊருக்கே பொதுவாகவும் போடலாம், பெயர் குறிப்பிட்டு ஒரே ஒருவர் மீதும் போடலாம். ஆனால் அது எழுத்தில் இருக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், சாதாரணமாக இரண்டு மாதத்துக்கு மேல் நீடிக்கக் கூடாது. அதே சன்ஹிதாவின் 172ஆம் பிரிவு இன்னும் கூர்மையானது. காவலர் சட்டப்படி இடும் கட்டளையை மதிக்காதவரை அங்கிருந்து அப்புறப்படுத்தலாம், பிடித்தும் வைக்கலாம். சிறு விஷயமென்றால் 24 மணி நேரத்துக்குள் விடுவித்துவிடலாம். பழைய சட்டத்தில் இப்படி ஒரு பிரிவு கிடையாது.

என்னிடம் வந்த ஒரு பெரியவர் தன் அட்டையின் முன்பக்கம் கோரிக்கையை எழுதியிருந்தார். பின்பக்கம், தான் மட்டும் பார்க்கும்படி, பென்சிலில் மூன்று வரி: ‘எந்தப் பிரிவு? உத்தரவின் தேதி என்ன? நகல் தருவீர்களா?’ குரலை உயர்த்தாமல் அந்த மூன்றையும் கேட்பார். உத்தரவு எதுவும் இல்லாத நாட்களில் அவரைப் பெரும்பாலும் நிற்க விட்டுவிடுவார்கள். நீங்களும் நடைபாதையை மறிக்காமல், வாசலை அடைக்காமல் நின்று இதைச் செய்யுங்கள்.

சென்னை மெரினாவில், காந்தி சிலை அருகே நான் ஒருவனாக அமர்ந்து போராட முடியுமா? (கல்லூரி மாணவர், சென்னை)

தம்பி, 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக அந்த மணலில் கூடிய கூட்டத்துக்குப் பிறகு காவல்துறை அங்கே யாரையும் எளிதில் உட்கார விடுவதில்லை. விவசாயிகள் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு 2018இல் உயர் நீதிமன்றம் வரை போனார். ஒரு நாள் அனுமதி தந்த தனி நீதிபதியின் உத்தரவு இரு நீதிபதிகள் அமர்வில் நிற்கவில்லை.

சென்னையில் 1888ஆம் ஆண்டின் மாநகரக் காவல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதன் 41ஆம் பிரிவின்படி ஆணையர் கூட்டங்களுக்கும் ஊர்வலங்களுக்கும் தடை போடலாம். ஒரு தடை 15 நாள் வரைதான். ஆனால் ஒன்று முடியும் முன்பே அடுத்ததைப் போட்டுவிடுகிறார்கள். தற்காலிகம் என்று சட்டம் நினைத்ததை நிரந்தரமாக்கும் இந்தப் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. அந்தப் பிரிவு பேசுவது கூட்டத்தையும் ஊர்வலத்தையும் பற்றித்தான், தனி ஆளைப் பற்றி அல்ல என்று வாதாட இடமிருக்கிறது. அந்த வாதத்தை நீதிமன்றத்தில் வையுங்கள், மணலில் வைக்க வேண்டாம். வள்ளுவர் கோட்டம், சேப்பாக்கம், எழும்பூர் ராஜரத்தினம் மைதானம் போன்ற இடங்களுக்கு ஐந்து நாள் முன்னதாக மனு கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் அந்த மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் இருந்தால்தான் அதை எதிர்த்து வழக்குப் போட முடியும்.

போராடியதற்காக எங்களைக் கல்யாண மண்டபத்தில் அடைத்து மாலையில் விட்டார்கள். இப்போது முதல் தகவல் அறிக்கை இருக்கிறதாம். பாஸ்போர்ட் கிடைக்காமல் போகுமா? (தஞ்சாவூர் வாசகர்)

அந்த மண்டபங்களை நானும் பார்த்திருக்கிறேன். மேடையில் முந்தின நாள் திருமணத்தின் வாழைமரம் வாடிக்கிடக்கும். எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் கைதானவர்கள், மதியம் ஆளுக்கொரு எலுமிச்சைச் சாதப் பொட்டலம், ஒரு நோட்டில் பெயரும் முகவரியும் கையெழுத்தும். மாலை ஆறு மணிக்கு “கிளம்புங்கள்” என்பார்கள். அது கைது இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள். விருப்பப்படி எழுந்து போக முடியாத இடத்தில் இருந்தால் அது காவல்தான். என்ன காரணம் என்று சொல்லியாக வேண்டும், வீட்டாருக்குத் தகவல் போக வேண்டும், 24 மணி நேரத்தைத் தாண்டினால் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும்.

அந்த நோட்டுத்தான் பின்னால் வழக்காகிறது. ஆனால் பயப்பட வேண்டாம். அரசு ஊழியரின் உத்தரவை மீறியது என்ற குற்றத்துக்கு (பழைய தண்டனைச் சட்டத்தில் 188ஆம் பிரிவு, இப்போது நியாய சன்ஹிதாவில் 223) காவல்துறை தானாக முதல் தகவல் அறிக்கை போட முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ஜீவானந்தம் வழக்கில் தெளிவாகச் சொன்னது. சம்பந்தப்பட்ட அதிகாரியோ அவருக்கு மேலதிகாரியோ எழுத்துப்பூர்வமாக நீதிமன்றத்தில் புகார் தர வேண்டும். அந்தத் தீர்ப்பைக் காட்டி எத்தனையோ வழக்குகள் ரத்தாகியிருக்கின்றன. உங்கள் அறிக்கையில் வேறு பிரிவுகளும் சேர்ந்திருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுக்காத நிலையில், வெறும் முதல் தகவல் அறிக்கையை வைத்துப் பாஸ்போர்ட்டை மறுக்கக் கூடாது என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. விண்ணப்பத்தில் எதையும் மறைக்காதீர்கள்.

சாகும்வரை உண்ணாவிரதம் இருந்தால் தற்கொலை முயற்சி வழக்கு வருமா? (தூத்துக்குடி வாசகர்)

மணிப்பூரின் இரோம் ஷர்மிளா 2000 நவம்பர் முதல் 2016 ஆகஸ்ட் வரை உண்ணாமல் இருந்தார். மூக்கில் குழாய் செருகி உணவு செலுத்தி, தற்கொலை முயற்சி என்று திரும்பத் திரும்ப வழக்குப் போட்டார்கள். அவர் சாக விரும்பவில்லை, ராணுவத்துக்குச் சிறப்பு அதிகாரம் தரும் ஒரு சட்டத்தை நீக்கக் கேட்டார், அவ்வளவுதான். கடைசியில் நீதிமன்றங்கள் அவரை விடுவித்தன.

தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு புதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. மகிழ்வதற்குள் 226 வந்துவிட்டது: அரசு ஊழியரைப் பணியவைக்கும் நோக்கத்தோடு தற்கொலைக்கு முயன்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. உண்ணாவிரதக்காரர்களை நோக்கி இது நீளும் என்பது என் அச்சம். ஆகவே துண்டறிக்கையில் ‘சாகும்வரை’ என்று எழுதாதீர்கள். ‘காலவரையற்ற’ என்று எழுதுங்கள். தண்ணீர் குடியுங்கள், தினமும் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளுங்கள். உங்கள் உயிர் எங்களுக்கு வேண்டும்.

அரசு ஊழியரான நான் விடுமுறை நாளில் அட்டை பிடிக்கலாமா? (பெயர் வேண்டாம்)

பணி சார்ந்த கோரிக்கைக்காக அமைதியாக நிற்கலாம். அரசு ஊழியருக்கு எந்த ஆர்ப்பாட்டமும் கூடாது என்ற விதியை மேலே சொன்ன 1962 தீர்ப்பே செல்லாது என்றது. வேலைநிறுத்தம் வேறு கதை. தமிழ்நாட்டு ஊழியர்கள் 2003இல் மொத்தமாக நீக்கப்பட்டபோது, வேலைநிறுத்த உரிமையே கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். கட்சி அரசியல் வாசகம் உள்ள அட்டையையும் நடத்தை விதிகள் அனுமதிக்காது.

சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். ஊர்ப் பிரச்சினைக்காக இங்கே ஓர் அட்டையைப் பிடித்துப் படம் எடுத்துப் போட்டால்? (கட்டுமானத் தொழிலாளி)

வேண்டாம், தம்பி. அங்கே 2009ஆம் ஆண்டின் பொது ஒழுங்குச் சட்டத்தில் ஒருவர் நின்றாலே கூட்டம். அதற்கு முன்பு ஐந்து பேர் என்ற கணக்கு அங்கும் இருந்தது. ஜோலோவன் வாம் என்பவர் 2020 மார்ச்சில் தோ பாயோ காவல் நிலையம் அருகே சிரித்த முகம் வரைந்த ஓர் அட்டையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். அதற்காக அவர் மீது வழக்குப் போட்டார்கள். 2017இல் சிங்கப்பூர்த் தமிழ்க் கலைஞர் ஒருவர் கையில் ஒரு கண்ணாடியோடு நாடாளுமன்றம் வரை நடந்ததற்கு 2,500 வெள்ளி அபராதம். கட்ட மறுத்து இரண்டு வாரம் சிறையில் இருந்தார்.

ஹாங் லிம் பூங்காவில் பேச்சுக்கென ஒதுக்கிய இடத்தில் குடிமக்கள் போராட்டம் நடத்தலாம், நிரந்தரவாசிகள் கலந்துகொள்ளலாம். வேலை அனுமதியில் இருப்பவர் உரிமம் இல்லாமல் கலந்துகொண்டாலே குற்றம். வேலை அனுமதியும் போய்விடக்கூடும். விடுப்பில் ஊருக்கு வரும்போது மேலே ஆசிரியை அம்மாவுக்குச் சொன்னதைப் படித்துவிட்டு, உங்கள் ஊர் அலுவலகத்தின் எதிரிலேயே நில்லுங்கள்.