எட்டு கேமரா இருந்தும் சரக்கு குறைகிறது, என்ன செய்வது?

கேள்வி: பென்னாகரத்தில் 1,200 சதுர அடியில் டிபார்ட்மென்டல் ஸ்டோர் நடத்துகிறேன். ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். எட்டு கேமரா மாட்டியிருக்கிறேன். ஆனாலும் மாதக் கடைசியில் ஸ்டாக் எடுத்தால் ₹18,000 அளவுக்குச் சரக்கு குறைகிறது. சந்தை நாளிலும், ஒகேனக்கல் போகிறவர்கள் வந்து இறங்கும் சனி, ஞாயிறிலும் யார் எதை எடுக்கிறார்கள் என்றே தெரிவதில்லை. வாசலில் சென்சார் கேட் போட்டால் சரியாகுமா? கையும் களவுமாகப் பிடித்தால் என்ன செய்யலாம்?

பதில்: கேட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், அந்த ₹18,000 எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். வாடிக்கையாளர் மறைத்து எடுப்பது ஒரு வழி. உள்ளே வேலை செய்பவர் கை, சப்ளையர் வண்டியிலிருந்து குறைவாக இறங்கும் சரக்கு, பில்லிலும் என்ட்ரியிலும் நடக்கும் தவறு என்று இன்னும் மூன்று உண்டு. கேட் முதல் வழியை மட்டும்தான், அதுவும் பாதிதான் அடைக்கும்.

முதலில் கணக்கு. ஆரம்ப ஸ்டாக்கோடு வாங்கியதைக் கூட்டி, விற்றதன் அடக்க விலை, கம்பெனிக்குத் திருப்பியது, காலாவதி, உடைசல் எல்லாவற்றையும் கழித்தால் இருக்க வேண்டிய ஸ்டாக் வரும். பலர் இதை எம்.ஆர்.பி.யில் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் லாபமும் நஷ்டத்தோடு கலந்துவிடும். டீலருக்குத் திருப்பிக் கொடுத்துக் கிரெடிட் நோட் வராத சரக்கும், கம்பெனி இலவசமாகக் கொடுத்து நோட்டில் ஏறாத ‘ஸ்கீம் பீஸ்’களும் இதே கணக்கைக் குழப்பும். இவற்றைச் சரிசெய்தாலே ₹18,000 கொஞ்சம் இறங்கலாம்.

மிச்சத்தைக் கண்டுபிடிக்க மாதம் ஒருமுறை எண்ணுவது போதாது. சின்னதாக, விலை கூடியதாக, வெளியே சுலபமாக விற்கக்கூடியதாக 25 பொருள் தேர்ந்தெடுங்கள்: நெய், முந்திரி, ஏலக்காய், ஷேவிங் பிளேடு கார்ட்ரிட்ஜ், முகக் கிரீம், பெரிய சாக்லேட், குழந்தைப் பால் பவுடர், பாடி ஸ்ப்ரே, பேட்டரி போன்றவை. இரவு கடை மூடும்போதும் காலை திறந்தவுடனும் எண்ணுங்கள். இருபது நிமிட வேலை. எண்ணுகிறவரை வாரம் ஒருமுறை மாற்றுங்கள்.

குறை எப்போது வருகிறது என்பதே ஆளைக் காட்டும். இரவு எண்ணியது காலையில் குறைந்தால், சாவி யாரிடம் இருக்கிறது, பின்வாசலில் குப்பை மூட்டை எப்போது போகிறது என்று பாருங்கள். சரக்கு இறங்கிய நாளில் குறைந்தால், கூட்ட நேரத்தில் வண்டியை அனுமதித்து எண்ணாமல் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். ஒரு ரகம் குறைந்து பக்கத்து ரகம் அதே அளவு கூடியிருந்தால் அது திருட்டே இல்லை, பில்லில் ரகத்தை மாற்றி அடித்தது. பகலில், அதுவும் சந்தை நாளில் குறைந்தால்தான் வாடிக்கையாளர் பக்கம் சந்தேகம் போக வேண்டும்.

விட்ட பணம் எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும். ₹180 அடக்கத்தில் வாங்கி ₹200க்கு விற்கும் நெய் பாட்டில் ஒன்று போனால், அந்த ₹180ஐ மீட்க இன்னும் 9 பாட்டில் விற்றாக வேண்டும். தினமும் இருபது நிமிடம் எண்ணுவதற்கு இதைவிடக் காரணம் வேண்டுமா?

இனி அடுக்குமுறை. நடு ராக்குகள் 5 அடிக்கு மேல் இருந்தால் பின்னால் நிற்பவர் தலைகூடத் தெரியாது. மேல் தட்டைக் கழற்றிவிடுங்கள், அல்லது அதில் பேப்பர் டவல் போல இடத்தை அடைக்கும் மலிவுச் சரக்கை வைக்காமல் காலியாக விடுங்கள். அந்த 25 பொருளையும் பில் கவுன்டருக்கு எதிர்ப்பக்கம் கொண்டு வாருங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பீஸ் மட்டும் வெளியே வைத்து, மீதியைக் கவுன்டருக்குப் பின்னால் பூட்டுங்கள். மூன்று பீஸ் வரிசையில் ஒன்று போனால் அந்த ஓட்டை கண்ணில் படும், இருபது பீஸ் குவியலில் ஐந்து போனாலும் படாது. கேமரா பார்க்காத மூலைகளுக்குக் குவிந்த கண்ணாடி போதும். அதைக் கவுன்டரில் உட்கார்ந்தபடி பார்த்துத்தான் சாய்வு வையுங்கள். ஆணியடிக்கிறவர் நின்று பார்த்து மாட்டினால் உங்களுக்குக் கூரைதான் தெரியும்.

பெரிய பையைக் கவுன்டரில் வாங்கி டோக்கன் கொடுக்கும் பழக்கம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். உடையைப் பார்த்து, ஊரைப் பார்த்து ஒருவரிடம் மட்டும் கேட்டால், திருடாதவரை அவமானப்படுத்திவிட்டு, நல்ல சட்டை போட்டு வருகிற திருடனை விட்டுவிடுவீர்கள். உள்ளே வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு பணியாளர் ‘வாங்கக்கா, கூடை வேணுமா?’ என்று முகம் பார்த்துக் கேட்பது கேமராவை விட நன்றாக வேலை செய்கிறது. கவனித்துவிட்டார்கள் என்று தெரிந்தவர் பெரும்பாலும் கை வைக்க மாட்டார்.

கூட்டத்தில் நடப்பதற்குச் சில தினுசு உண்டு. மூன்று நான்கு பேராக வந்து ஒருவர் விலை கேட்டுக்கொண்டே பணியாளரை வேறு மூலைக்குக் கூட்டிப் போவார். மூடிபோட்ட பிளாஸ்டிக் வாளி, குக்கர் பெட்டி ஆகியவற்றுக்குள் சின்ன பொருள் ஏறிவிடும். ஆகவே பில் போடும்போது மூடியைத் திறந்து பார்ப்பதை வழக்கமாக்குங்கள். பாதாமை அள்ளிய கவரில் நிலக்கடலை ஸ்டிக்கர் ஒட்டி வருவார்கள். லூஸ் சரக்குக்கு எடை ஸ்டிக்கரைப் பணியாளரே ஒட்ட வேண்டும், திரையில் வரும் பெயரைக் கவரோடு ஒப்பிட வேண்டும். ஆடிப்பெருக்கு மாதிரி நாட்களில் ஒருவரைச் சரக்கு அடுக்கும் வேலையிலிருந்து விடுவித்துக் கடைக்குள் நடக்க மட்டும் விடுங்கள். அன்று சப்ளையர் வண்டி வேண்டாம்.

உள்ளாள் விஷயம் சங்கடமானது, ஆனால் தவிர்க்க முடியாது. பில்லிங் சாஃப்ட்வேரில் கேன்சல் பில், பில்லிலிருந்து நீக்கிய பொருள், கையால் மாற்றிய விலை, விற்பனை இல்லாமல் திறந்த கல்லா ஆகிய நான்கையும் தினம் இரவு ஆள்வாரியாகப் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் தனி பாஸ்வேர்டு இருந்தால்தான் இது பயன்படும். தெரிந்தவர் வந்தால் ஐந்தில் மூன்றை மட்டும் ஸ்கேன் செய்து பையில் போடுவது இந்த ரிப்போர்ட்டில் வராது. அதற்குத்தான் கவுன்டருக்கு நேர் மேலே, கையும் ஸ்கேனரும் தெரியும்படி ஒரு கேமரா வேண்டும். குறையை ஐந்து பேர் சம்பளத்திலும் பங்கு போட்டுப் பிடிக்காதீர்கள். விசாரிக்காமல் பிடிப்பதைச் சட்டம் ஏற்காது. நேர்மையானவர்தான் முதலில் வேலையை விட்டுப் போவார்.

உங்கள் எட்டு கேமராவில் ஒன்று இப்படி மேலே போகட்டும், இன்னொன்று வாசலில் முக உயரத்துக்குச் சற்று மேலே இருக்கட்டும். வாசல் கேமரா வெயிலைப் பார்த்திருந்தால் வருகிறவர் கறுப்பு நிழலாகத்தான் பதிவார். வெளிச்ச வேறுபாட்டைச் சமாளிக்கும் டபிள்யூ.டி.ஆர். வசதி உள்ளதை மாட்டுங்கள். 2 மெகாபிக்சல் கேமரா நொடிக்கு 2 மெகாபிட் (எம்.பி.பி.எஸ்.) வேகத்தில் பதிவு செய்தால் நாளுக்குச் சுமார் 21 ஜி.பி. பிடிக்கும், எட்டுக்கும் சேர்த்து 170 ஜி.பி. 1 டி.பி. டிஸ்க் ஆறு நாளில் நிறைந்து பழையதை அழிக்கத் தொடங்கும். மாதக் கடைசியில் குறையைக் கண்டுபிடிக்கும்போது பார்க்க வீடியோ இருக்காது. 4 டி.பி. போட்டால் மூன்று வாரம் கிடைக்கும். வீடியோ பதிவாகும் டி.வி.ஆர். பெட்டியைப் பூட்டி வையுங்கள், யூ.பி.எஸ். கொடுங்கள், கடிகாரத்தைச் சரிபாருங்கள். உடை மாற்றும் அறை, கழிப்பறை பக்கம் கேமரா திரும்பவே கூடாது, அது தனிக் குற்றம்.

சென்சார் கேட் ஜவுளிக் கடைக்குப் பொருந்தும். பர்கூர் துணிக் கடைக்காரர் கேட்டிருந்தால் உடனே போடச் சொல்லலாம்: கேட்டில் மணி அடிக்க வைக்கும் கெட்டி டேகைத் துணியில் குத்தி, பில் போட்டதும் கழற்றித் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். மளிகையில் ஒவ்வொரு பீஸுக்கும் ஸ்டிக்கர் செலவு. 8.2 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் வேலை செய்யும் ஆர்.எஃப். ஸ்டிக்கர் டின், ஃபாயில் பாக்கெட் மேல் ஒட்டினால் சரியாக வேலை செய்யாது. 58 கிலோஹெர்ட்ஸ் ஏ.எம். (அகவுஸ்டோ-மேக்னடிக்) வகை பரவாயில்லை, விலை கூடும். கேஷியர் ஸ்டிக்கரைச் செயலிழக்கச் செய்ய மறந்தால் பணம் கட்டியவருக்கு மணி அடிக்கும். பத்து முறை அப்படி அடித்தபின் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உங்கள் கடைக்கு இப்போதைக்கு வேண்டாம்.

பிடிப்பது பற்றி. எடுத்ததையும் மறைத்ததையும் நீங்களே பார்த்திருக்க வேண்டும், இடையில் கண்ணை விட்டுப் போயிருக்கக் கூடாது. பில் கவுன்டரைத் தாண்டும்வரை அவர் பணம் கட்டலாம் என்பதால், அதற்கு முன்னால் என்றால் ‘அண்ணா, அதையும் பில் போட்டுடலாமா?’ என்று கேட்டாலே பல நேரம் பொருள் திரும்பி வந்துவிடும். பையையோ உடலையோ சோதிக்க உங்களுக்கு உரிமை இல்லை.

தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 303(2) பிரிவில் திருட்டுக்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஆனால் ₹5,000க்குக் குறைவான பொருளை முதல்முறை எடுத்து, திருப்பிக் கொடுத்தவருக்கு சமுதாய சேவைதான் தண்டனை. இந்தச் சின்னத் திருட்டு ஜாமீனில் விடக்கூடியது, பிடியாணையின்றிக் கைது செய்ய முடியாதது. பொதுமக்கள் ஒருவரைப் பிடித்துவைக்க குற்ற விசாரணை நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 40ஆம் பிரிவு தரும் உரிமை, கண்முன் நடக்கும், ஜாமீனில் விட முடியாத, போலீஸ் நேரடியாகக் கைது செய்யக்கூடிய குற்றத்துக்குத்தான். அதிலும் ஆறு மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். ஆகவே ₹300 கிரீமுக்காக ஒருவரை அறையில் பூட்டினால் சட்டவிரோதமாக அடைத்துவைத்த வழக்கு உங்கள் மேல் வரலாம். பத்து மடங்கு கட்டு என்று மிரட்டினால் மிரட்டிப் பணம் பறித்ததாகும். படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அவதூறு வழக்கு வரலாம், சிறுவர் என்றால் சிக்கல் இன்னும் பெரிது.

112க்குக் கூப்பிடுங்கள், அல்லது காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்து புகாரைப் பதிந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். புகாரில் பொருளின் பெயர், விலை, நேரம், பார்த்தவர் பெயர் இருக்கட்டும். வீடியோவை அன்றே வேறு பென் டிரைவில் எடுத்து வையுங்கள். நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 63(4) பிரிவின்படி சான்றிதழ் கேட்பார்கள். அதில் ஒரு பகுதியை நீங்களும் இன்னொன்றை நிபுணரும் நிரப்ப வேண்டும், வீடியோ கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும்.