வீட்டை யார் ஓட்டுறது? – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

நான் டெக்ஸாஸ்ல டல்லாஸ் பக்கம் இருக்கேன், வயசு 61. அடுத்த மார்ச்ல ரிடயர் ஆறேன். வீட்டை வித்துட்டு முழுநேரமும் ஆர்வியிலயே, அதாவது சக்கரம் வெச்ச வீட்டுலயே இருக்கறதுன்னு முடிவு பண்ணியாச்சு. ரெண்டு வருஷமா ரிசர்ச் பண்றேன், ஸ்ப்ரெட்ஷீட்ல 42 வரி இருக்கு. பிக்கப் ட்ரக் முதுகுல மாட்டி இழுக்கற 34 அடி ஃபிஃப்த் வீல் ட்ரெய்லர் வாங்கறதா, இஞ்சினோட தானே ஓடற 38 அடி டீசல் மோட்டார் ஹோம் வாங்கறதா, இந்த ஒண்ணுலதான் முட்டிக்கிட்டு நிக்கறேன். இப்ப வெச்சிருக்கற அரை டன் ரக பிக்கப் ட்ரக்கே ஃபிஃப்த் வீலை இழுத்துடும்னு டீலர் சொல்றார். டயர், சோலார், எந்த மாநிலத்து அட்ரஸ் வெச்சுக்கறது, மெடிக்கல் இன்ஷூரன்ஸ் எல்லாத்துக்கும் உங்க கருத்து வேணும். ஓட்டறது, மாட்டறது, கழிவு டேங்க் காலி பண்றது எல்லாம் நானே பாத்துக்குவேன், மனைவிக்கு அந்த டென்ஷன் வேண்டாம். அவளுக்கு இருக்கற ஒரே கவலை கறிவேப்பிலைச் செடியை என்ன பண்றதுங்கறதுதான். பேர் போடாதீங்க, பசங்களுக்கு இன்னும் சொல்லல.

*

அன்புள்ள தம்பி,

போன வாரம்தான் எங்க ஆர்வியை இழுத்த ட்ரக்கை வித்தோம். வாங்க வந்தது ஒரு புருஷன் பொண்டாட்டி, உங்க வயசுதான் இருக்கும். அவர் குனிஞ்சு நிமிந்து கீழ மேல எல்லாம் பாத்தார், அந்தம்மா கையில பர்ஸை வெச்சுக்கிட்டு ஓரமா நின்னாங்க. நீங்களும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்களேன்னு சாவியை நீட்டினேன். ஐயோ வேண்டாம், அது அவரோட செல்லக்குழந்தைன்னு சிரிச்சாங்க. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. ரெண்டு நாள் கழிச்சு உங்க கடிதம் வருது. முழுநீளக் கடிதம், மேல போட்டிருக்கறது நான் வெட்டினது. அதுல உங்க மனைவி வர்ற இடத்தைத் தேடினேன், ரெண்டே வரி. ஒரு வரியில அவங்களுக்கு எதுவும் வேண்டாம்னு நீங்க சொல்றீங்க, இன்னொரு வரியில ஒரு செடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க.

முதல்ல சில்லறை விஷயங்களை முடிச்சுடறேன்.

அரை டன் ட்ரக். வேண்டாம். டீலர் இழுக்கும்னுதான் சொல்வார், இழுக்கவும் இழுக்கும், அது இல்ல கணக்கு. ட்ரக்கோட டிரைவர் கதவைத் திறந்தா தூண்ல ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும், ஆளும் சாமானும் சேந்து இத்தனை பவுண்டுக்கு மேல ஏத்தாதேன்னு. ஃபிஃப்த் வீலோட கிங் பின், அதாவது அதை மாட்டற இரும்பு முளை, உங்க ட்ரக் முதுகு மேலதான் உக்காரும், ட்ரெய்லர் வெயிட்ல சுமாரா அஞ்சுல ஒரு பங்கு அங்க இறங்கும். 12,000 பவுண்டு ட்ரெய்லர்னா 2,400 பவுண்டு. அது போக அந்த முளையைப் பிடிச்சுக்கற ஹிட்ச், நீங்க, அவங்க, பின்சீட்டுல ஏத்தற அரிசி மூட்டை. போய் ஸ்டிக்கரைப் படிங்க, அரை டன் ட்ரக்குல பெரும்பாலும் 2,000கூட இருக்காது. 42 வரில இது எத்தனாவது வரி?

டயர்ல ரப்பர் தேயலையேன்னு ஓட்டாதீங்க, பக்கவாட்டுல டாட் (DOT) நம்பரோட கடைசி நாலு இலக்கம் பாருங்க, 3219ன்னா 2019ல 32ஆவது வாரம் செஞ்சது. ஆறு ஏழு வருஷம் ஆச்சுன்னா பளபளன்னு இருந்தாலும் தூக்கிப் போடுங்க. சோலார் ஒரு வருஷம் ஓட்டினதுக்கு அப்புறம் போடுங்க. அட்ரஸுக்கு எல்லாரும் சௌத் டகோட்டா, ஃப்ளோரிடா, டெக்ஸாஸ்னு அலையறாங்க, மாநில வருமான வரி கிடையாதுன்னு. நீங்க ஏற்கனவே டெக்ஸாஸ்ல உக்காந்துக்கிட்டு என்ன ரிசர்ச்? இன்ஷூரன்ஸ்ல மட்டும் நிதானமா இருங்க, அரசாங்கத்தோட மெடிகேர் வர 65 ஆகணும், அதுவரைக்கும் நீங்களா வாங்கற பிளான்ல பெரும்பாலும் உங்க அட்ரஸ் இருக்கற ஊரைச் சுத்தி இருக்கற டாக்டர்கள்தான் நெட்வொர்க்ல இருப்பாங்க, வெளி மாநிலத்துல எமர்ஜென்சியைத் தவிர வேற எதையும் நம்பாதீங்க.

இனி ஃபிஃப்த் வீலா மோட்டார் ஹோமாங்கறது. ஃபிஃப்த் வீல்ல ட்ரக் ரிப்பேர் ஆனா ட்ரக்தான் ஒர்க்‌ஷாப்புக்குப் போகும், வீடு நின்ன இடத்துல நிக்கும். மோட்டார் ஹோம்ல இஞ்சின் படுத்துச்சுன்னா வீடே ஒர்க்‌ஷாப்ல, நீங்க மோட்டல்ல. ஆனா மழையில, இருட்டுல, பக்கத்துல ஒருத்தன் குடிச்சுட்டு சத்தம் போடறான்னா மோட்டார் ஹோம்ல கீழ இறங்காமயே சீட்டுல உக்காந்து கிளம்பிடலாம். ஃபிஃப்த் வீல்ல கூரை உசரமா வீடு மாதிரியே இருக்கும், படுக்கையறைக்கு மட்டும் நாலு படி ஏறணும், முட்டி வலி இருக்கறவங்க யோசிக்கணும். மோட்டார் ஹோம் பின்னாடி ஒரு சின்னக் காரை இழுத்துட்டுப் போகணும், இல்லன்னா பால் வாங்கக்கூட வீட்டைக் கிளப்பணும். அவ்வளவுதான், இதுக்கு மேல இதுல ஒண்ணும் இல்ல.

இப்ப நான் சொல்ல வந்ததைச் சொல்றேன்.

நாங்களும் உங்களை மாதிரிதான் கிளம்பினோம். இந்த நாட்டுல நான் இருபத்தஞ்சு வருஷம் வண்டி ஓட்டியிருக்கேன், பனியில ஓட்டியிருக்கேன், வேன்ல ஏழு பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு நீச்சல் கிளாஸுக்குப் போயிருக்கேன். ஆனா அந்த ட்ரக் வந்த நாள்லேர்ந்து அதுல வலது பக்க சீட்தான் எனக்குன்னு ஆயிடுச்சு. இவர் ஓட்டாதேன்னு ஒரு நாளும் சொல்லல. உனக்கெதுக்கு டென்ஷன்னுதான் சொன்னார். நீங்க எழுதியிருக்கற அதே வார்த்தை! எனக்கும் சுகமாத்தான் இருந்துச்சு, பொய் சொல்லல, ஜன்னல் வழியா வேடிக்கை பாத்துக்கிட்டு முறுக்கு தின்னுட்டு வந்தேன்.

ரெண்டாவது வருஷம் ஜனவரி, அரிசோனால குவார்ட்ஸைட் பக்கத்துப் பாலைவனம். குளிர் காலத்துல அந்தச் சின்ன ஊரைச் சுத்தி கண்ணுக்கெட்டின தூரம் ஆர்விதான். நாங்க நின்னது அரசாங்க நிலத்துல இனாமா பதினாலு நாள் நிக்கலாங்கற இடம். ராத்திரி ரெண்டு மணிக்கு இவர் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அந்த நாலு படியையும் உக்காந்து உக்காந்து இறங்கி வரார், முகமெல்லாம் வேர்வை. கிட்னில கல்னு எங்களுக்கு அப்ப தெரியாது. எப்படியோ ஏத்தி உக்கார வெச்சுட்டேன், ட்ரக் கழட்டித்தான் நின்னுச்சு, சாவி என் கையில. டிரைவர் சீட்ல ஏறினா கால் பிரேக்குக்கு எட்டல. சீட்டை எப்படி முன்னாடி தள்றது? ஹெட்லைட் எங்க? ரெண்டு வருஷமா நான் வாழ்ந்த வீட்டோட பாதி அந்த ட்ரக், அதுல லைட் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியல தம்பி. இவர் பக்கத்துல முனகறார், நான் ஒவ்வொரு பட்டனா அமுக்கறேன், வைப்பர் ஓடுது, பாட்டு பாடுது.

வைப்பர் சத்தம் கேட்டோ என்னமோ எதிர்ல இருந்த கிழவி டார்ச்சோட வந்தா. எழுபது தாண்டினவ, புருஷன் போனதுக்கு அப்புறம் தனியா ஒரு மோட்டார் ஹோம்ல சுத்திக்கிட்டிருந்தவ. கதவைத் திறந்து, நகரு கண்ணுன்னா. நகந்தேன். இருபது மைல் மேற்கால, கலிஃபோர்னியா எல்லையைத் தாண்டி ஆஸ்பத்திரி. வழியில என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. இவரை உள்ள சேத்து விடியற நேரத்துக்கு துணிமணி எடுத்துட்டு வரலாம்னு திரும்பறோம், எங்க எக்ஸிட்ல இறங்கினதும் ஓரமா நிறுத்திட்டு இறங்கி சுத்தி வந்து என் பக்கக் கதவைத் திறந்தா. இப்ப நீ. அவ்வளவுதான் சொன்னா.

கல்லை எடுத்து ஸ்டென்ட் வெச்சு அனுப்பினாங்க, ரெண்டு வாரம் கனமா எதையும் தூக்கக் கூடாதுன்னு சொல்லி. அன்னிக்கு நாங்க அந்த இடத்துல நின்னு பதிமூணாவது நாள். மறுநாள் இடத்தைக் காலி பண்ணணும்.

ட்ரெய்லர் மாட்டறதை நீங்க வீடியோல பாத்திருப்பீங்க. நான் சொல்றது டிரைவர் சீட்லேர்ந்து. டெயில்கேட்டை இறக்கிட்டு ரிவர்ஸ் எடுக்கறேன், கண்ணாடி முழுக்க ட்ரெய்லரோட மூக்கு, பெரிய யானை ஒண்ணு மேல சாயற மாதிரி. கிங் பின் தகடு ஹிட்ச் தகட்டை விட ஒரு விரக்கடை கீழ இருக்கணும், அப்பத்தான் ட்ரக் அதைத் தூக்கிக்கிட்டு உள்ள போகும், மேல இருந்தா ஹிட்சோட தாடை பின்னைப் பிடிக்காது. இவர் மடக்கு நாற்காலில போர்வையைப் போத்திக்கிட்டு லெஃப்ட், லெஃப்ட், இல்ல இல்ல உன் லெஃப்ட்னு கத்தறார். கிழவி அவர் கையில ஒரு காபியைக் கொடுத்து, இதைக் குடிச்சுக்கிட்டு வாயை மூடுன்னா. மூணாவது தடவை 'டணக்'னு ஒரு சத்தம், முதுகுத்தண்டுல கேட்டுச்சு எனக்கு. இறங்கிப் போய் டார்ச் அடிச்சு தாடை மூடியிருக்கான்னு பாத்து, பூட்டுப் பின் போட்டு, மின்சார ப்ளக் மாட்டி, ட்ரெய்லர் கழண்டா தானா பிரேக் பிடிக்க வைக்கற ப்ரேக்அவே கயிறு மாட்டி, டெயில்கேட்டை ஏத்தி, ட்ரெய்லரோட முன்பக்கக் கால்களை மட்டும் கொஞ்சமா தூக்கிட்டு, சக்கரத்துக் கட்டையை எடுக்காமயே ட்ரக்கை மெல்ல முன்னாடி இழுத்துப் பாக்கணும். அந்தக் கடைசி இழுப்பை ஒரு தடவை மறந்து, பூட்டாத ட்ரெய்லரை ட்ரக் தொட்டி மேலயே இறக்கினது எங்க வீட்டு எக்ஸ்பர்ட்தான், நான் இல்ல. அந்த நசுங்கலோடதான் போன வாரம் வித்தோம், ஐநூறு டாலர் குறைச்சு.

கிளம்பறதுக்கு முன்னாடி நான் தனியா ட்ரக்கை எடுத்துக்கிட்டு ஊர்க் கல்லறைக்குப் போனேன். அங்க ஒரு குட்டிப் பிரமிட், உச்சில ஒட்டகம். 1856ல அமெரிக்க ராணுவம் பாலைவனத்துக்குன்னு ஒட்டகம் கொண்டுவந்து இறக்கினப்போ கூட வந்த ஹாஜி அலியோட சமாதி, இங்கத்தவங்க வாயில ஹை ஜாலின்னு ஆயிட்டார். ஒட்டகத் திட்டத்தை ராணுவம் கைகழுவிடுச்சு, அவர் இங்கயே இருந்து 1902ல போய்ச் சேந்தார். பெரிசா பாக்க ஒண்ணும் இல்லதான். எனக்கு மட்டும் அது காசி ராமேஸ்வரம்.

அதனால ஸ்ப்ரெட்ஷீட்டை மூடி வைங்க. ரெண்டு வண்டியையும் ஒரு வாரம் வாடகைக்கு எடுங்க, சரியா அதே சைஸ் கிடைக்கலன்னாலும் பரவால்ல. அவங்க ஓட்டணும், நீங்க பக்கத்துல வாயைத் திறக்காம உக்காரணும். எதுல அவங்க ரிவர்ஸ் எடுத்து நிறுத்தறாங்களோ அதை வாங்குங்க, 38 அடி அவங்களுக்கு வராதுன்னா 28 அடி வாங்குங்க. டெக்ஸாஸ்ல மோட்டார் ஹோம் 26,000 பவுண்டுக்கு மேல போனாலோ, பெரிய ட்ரக்கும் ட்ரெய்லரும் சேந்து அதுக்கு மேல போனாலோ சாதாரண லைசன்ஸ் பத்தாது, கமர்ஷியல் இல்லாத ஏ, பி கிளாஸ்னு தனியா இருக்கு. நீங்க கேக்கற டீசல் மோட்டார் ஹோம் அநேகமா அந்தக் கணக்குல வரும். டெஸ்டுக்கு ரெண்டு பேரும் போங்க. அவ பயப்படுவாள்னு எழுதாதீங்க, அவங்களைக் கேட்டீங்களா? எங்க காலத்து ஆம்பளைங்க பொண்டாட்டி மேல இருக்கற பாசத்துலயேதான் எல்லாத்தையும் பிடுங்கி வெச்சுக்கிட்டாங்க, பாங்க் பாஸ்வேர்ட்லேர்ந்து ட்ரக் சாவி வரைக்கும். உங்க பாசம் பொய்னு நான் சொல்லல. அது ராத்திரி ரெண்டு மணிக்கு ஹெட்லைட் போடாது.

உங்க மாநிலத்துலயே லிவிங்ஸ்டன்ல எஸ்கேப்பீஸ்ங்கற ஆர்விக்காரங்க கிளப்போட இடம் இருக்கு, 1978லேர்ந்து இருக்கற கிளப். அங்க கேர்னு ஒரு பகுதி, இனிமே ஓட்ட முடியாதுங்கறவங்க தன்னோட ஆர்வியிலயே தங்கி, சாப்பாடும் உதவியும் வாங்கிக்கற ஏற்பாடு. கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு பேருமா போய் ஒரு தடவை பாத்துட்டு வாங்க. நான் எழுதறதை விட அங்க இருக்கற பாட்டிங்க நல்லா சொல்வாங்க.

கடைசியா, உங்க கடிதத்துலயே உருப்படியான கேள்வி, அவங்களோடது. இந்தப் பகுதியை அவங்ககிட்ட குடுங்க.

தங்கச்சி, செடியை எடுத்துட்டுப் போக முடியாதும்மா. கறிவேப்பிலை எலுமிச்சை, ஆரஞ்சோட குடும்பம், சிட்ரஸ் சில்லிட்னு ஒரு குட்டிப் பூச்சி அதுல தங்கும், அது பரப்பற நோய்தான் ஃப்ளோரிடால ஆரஞ்சுத் தோட்டத்தையெல்லாம் நாசம் பண்ணினது. டெக்ஸாஸ்லேர்ந்து வெளிய கொண்டுபோகத் தடை இருக்கு, கலிஃபோர்னியாவுக்குள்ள நுழையற ரோட்ல செக்போஸ்ட் வெச்சு வண்டிக்குள்ள ஏறியே கேக்கறாங்க. என் செடியையும் அப்படித்தான் வாங்கிக்கிட்டாங்க, ஆறு வருஷத்துச் செடி, ஒரு பொண்ணு யூனிஃபார்ம்ல, சாரி மேடம் சாரி மேடம்னு சொல்லிக்கிட்டே கறுப்புப் பையில போட்டா. இலையைப் பறிச்சும் எடுத்துட்டுப் போகலாம்னு நினைக்காதீங்க, பச்சை இலைக்கும் அதே கதிதான். அக்கம்பக்கத்துல நம்பற வீட்ல, வெயில் படற பக்கமா வெச்சுட்டு வாங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது டல்லாஸ் பக்கம் வருவீங்க இல்லையா, வரும்போது நீங்களே ஓட்டிக்கிட்டு வந்து பாத்துட்டுப் போங்க.