48 டியூப் செட் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 52, ஊர் புதுச்சேரி முத்தியால்பேட்டை. தாத்தா சொல்தாவாக, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாயாக இருந்தவர். அவர் வீட்டுக் கூடத்தில் நெப்போலியன் முடிசூட்டு விழாப் படம் மாட்டியிருந்தது. அதை நகலெடுத்தே ஆயில் பெயின்டிங் கற்க ஆசை. ஆன்லைனில் 48 டியூப் செட்டும் 3 அடிக்கு 2 அடி கேன்வாஸும் பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: ஆசை நல்ல ஆசை. பார்த்து வரைந்து கை பழகுவது காலங்காலமாக ஓவியர்கள் செய்வதுதான். 1805 முதல் 1807 வரை இந்தப் படத்தைத் தீட்டிய ழாக் லூயி டாவிட்டே பின்னாளில் இதற்கு இன்னொரு பிரதி போட்டார்.

ஆனால் அந்தக் கேன்வாஸ் வேண்டாம். மூலப்படம் 9.79 மீட்டர் அகலம், 6.21 மீட்டர் உயரம். முன்னால் நிற்பவர்கள் எல்லாம் ஆள் உயரம். அதை 3 அடிக்குள் அடக்கினால் நெப்போலியன் தலையே சுமார் 2 சென்டிமீட்டர்தான் வரும். பின்வரிசை முகங்கள் துவரம்பருப்பு அளவுக்குப் போய்விடும். அதில் மூக்கு நிழலை எப்படி வைப்பது? பழகிய கைக்கே சிரமம். நெப்போலியனின் மனைவி ஜோசபின் மண்டியிட்டிருக்கும் இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, 12-க்கு 16 அங்குலத்தில் தொடங்குங்கள். அது கைவந்த பிறகு இடப்பக்கம் வெள்ளை உடையில் நிற்கும் நெப்போலியனின் சகோதரிகள். வெள்ளைக்குள் எத்தனை சாம்பலும் மஞ்சளும் ஒளிந்திருக்கின்றன என்று அங்கேதான் தெரியும்.

பார்த்து வரைய பிரின்ட் போடும்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெண்களில் ஒருவர் ரோஸ் உடையில் இருந்தால், அது வெர்சாய் அரண்மனையில் உள்ள பிரதி. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் மூலத்தில் எல்லோருக்கும் வெள்ளைதான். இரண்டையும் கலந்து வைத்துக்கொண்டால் குழம்பிப்போவீர்கள்.

அப்புறம் செட். நானும் முதலில் பெரிய செட்தான் வாங்கினேன். பாதி டியூப்களை மூடிகூடத் திறக்கவில்லை, வெள்ளை மட்டும் பத்தே நாளில் தீர்ந்தது. டைட்டானியம் ஒயிட் பெரிய டியூபாக ஒன்று வாங்குங்கள். யெல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), லெமன் யெல்லோ, வெர்மிலியன், கிரிம்சன், அல்ட்ராமரின், பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) சின்ன டியூப்களில் போதும். தங்க நிற டியூப் வேண்டவே வேண்டாம். சரிகை என்று கண் நம்புவது ஓக்கரும் அம்பரும், விளிம்பில் வெளிர் மஞ்சளில் ஒரு பொட்டும்தான்.

முடிந்தால் கடைக்கே போய் வாங்குங்கள். டியூபை லேசாக அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். எத்தனை மில்லி, எந்த மாதம் தயாரித்தது, அதிகபட்ச விலை என்ன என்பது பொட்டலத்தில் இருக்க வேண்டும். பெயரோடு 'ஹியூ' என்று சேர்ந்திருந்தால் அது அசல் நிறமி இல்லை, அதே சாயலில் வேறு நிறமி, பழகுவதற்குப் பரவாயில்லை. ஆன்லைன்தான் வழி என்றால் பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள். கெட்டுப்போன பொருள் வந்து, விற்றவர் கைவிரித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

பெயின்டில் கலக்கும் ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, மூடி போட்ட தகர டப்பாவில் வையுங்கள். மழைக்காலத்தில் நம் கடற்கரைக் காற்றில் கேன்வாஸ் தொய்யும், பூசணமும் பிடிக்கும். சுவரோடு ஒட்டி வைக்காமல் காற்றோட்டமாக வையுங்கள்.