குன்றிலிருந்து இறங்கிய ‘டவுன்’

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்து வரைபடத்தில் ‘சவுத் டவுன்ஸ்’ என்ற பெயரைப் பார்த்து, ஏதோ பள்ளத்தாக்கு என்று நினைத்தேன். தேடினால் அது குன்றுத்தொடர்! ‘கீழே’ என்று பொருள்படும் சொல் எப்படிக் குன்றுக்குப் பெயரானது? டவுன் பஸ்ஸில் வரும் ‘டவுனு’க்கும் இதற்கும் உறவு உண்டா?

கே.

அன்புள்ள கே.,

அந்த மலைப்பெயரும் ‘கீழே’யும் ஒரே வேர்தான். ஆனால் குன்றுதான் மூத்தது.

பழைய ஆங்கிலத்தில் ‘டூன்’ என்றால் குன்று. ‘ஆஃப் டூனெ’ என்றால் குன்றை விட்டு. குன்றை விட்டுப் போகிறவன் இறங்கத்தானே வேண்டும்? அதனால் அந்தத் தொடருக்கே ‘கீழ்நோக்கி’ என்ற பொருள் வந்துவிட்டது. பேச்சில் ‘ஆஃப்’ தேய்ந்து ‘அடூனெ’ ஆனது. அப்புறம் அந்த ‘அ’வும் உதிர்ந்தது. விலகலைச் சொன்ன உறுப்பு போய், குன்று மட்டும் மிஞ்சியது. பொருளோ ‘கீழே’ என்றே நின்றுவிட்டது! ஆங்கிலச் சொல் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. ஊகமும் இல்லை, இடைப்பட்ட ‘அடவுன்’ வடிவம் ஆங்கிலக் கவிதையில் நெடுங்காலம் வாழ்ந்தது. ‘ஹூஸ்’ ‘ஹவுஸ்’ ஆன அதே உயிரொலி மாற்றத்தில் ‘டூன்’ ‘டவுன்’ ஆனது.

குன்று என்ற பொருளும் சாகவில்லை. சவுத் டவுன்ஸின் சுண்ணக் குன்றுகள் பீச்சி ஹெட் முனையில் கடலைத் தொடுகின்றன. ஸ்விண்டன் என்ற ஊர்ப்பெயருக்குப் பன்றிக் குன்று என்று பொருள். ‘டன்’ என்று முடிகிற எல்லா ஊரும் குன்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். லண்டனின் கதை வேறு.

இனி டவுன் பஸ். தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தாலும், குன்றின் ‘ட’ நாடு என்பதில் வருவது. ஊரின் ‘ட’ நாட்டு என்பதில் வருவது. இந்த வேறுபாடுதான் முக்கியம். பழைய பிரிட்டன், பிரான்ஸ் பகுதிகளில் பேசப்பட்ட கெல்டிக் மொழிகளில் ‘டூனோன்’ என்றால் கோட்டை. பிரான்சின் லியோன் நகரத்துக்கு ரோமானியர் காலத்தில் இருந்த ‘லுக்டூனும்’ என்ற பெயரில் இந்தச் சொல்தான் இருக்கிறது. அந்த மெல்லிய ‘ட’, ஆங்கிலம் உள்ளிட்ட ஜெர்மானிய மொழிகளில் வல்லொலியாக மாறும்: இரண்டு என்பதற்கு லத்தீனில் ‘டுவோ’, ஆங்கிலத்தில் ‘டூ’. அந்த விதிப்படி ‘டூனோன்’ சொல்லுக்கு ஆங்கிலத்தில் கூடப்பிறந்தது ஊர் டவுன்தான். முதலில் அது வேலியடைத்த இடத்தைக் குறித்தது. ஜெர்மனில் ‘ட்ஸவுன்’ இன்றும் வேலிதான்.

குன்று ‘டூன்’ மெல்லொலியை விடவில்லை. ஆகவே அதுவும் இந்தக் குடும்பம் என்றால், ஒலிமாற்றம் முடிந்த பிறகு கெல்டிக்கிலிருந்து கடனாக வந்திருக்க வேண்டும். அறிஞர் பலர் அப்படித்தான் கருதுகிறார்கள்; விவாதம் இன்னும் முடியவில்லை. எனக்கும் கடன் என்பதே பொருத்தமாகப் படுகிறது.