மாநிலங்களவையில் நம் எம்.பி. என்ன பேசினார்?

கேள்வி: எங்கள் மாநிலங்களவை உறுப்பினர் நூற்றுக்கும் மேற்பட்ட விவாதங்களில் பங்கேற்றதாகச் சொல்கிறார்கள். அதை எப்படிச் சரிபார்ப்பது? (வாசகர், கும்பகோணம்)

பதில்: மாநிலங்களவை இணையதளத்தில் 1952 முதலான அவைக் குறிப்புகள் இருக்கின்றன. உறுப்பினரின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். வருகிற பட்டியலை எண்ணுவதோடு விட்டுவிடாமல், ஒவ்வொன்றாகத் திறந்து படியுங்கள். பூஜ்ஜிய நேரத்தில், அதாவது அவசரப் பொதுப் பிரச்சினைகளை உறுப்பினர்கள் எழுப்பும் நேரத்தில், ஒருவர் மீனவர் பிரச்சினையை எழுப்பினால், பத்து இருபது பேர் எழுந்து ‘என்னையும் இதில் இணைத்துக்கொள்கிறேன்’ என்பார்கள். அந்த ஒற்றை வரியும் அவரவர் பெயரில் பதிவாகும். எண்ணிக்கை ஊதிப்போவது இங்கேதான்.

பிரச்சினையை எழுப்பியவருக்கே மூன்று நிமிடம்தான். நேரம் முடிந்ததும் மைக் அணைந்துவிடும். அதன்பின் பேசியது குறிப்பில் ஏறாது. அதனால் பேச்சு பாதி வாக்கியத்தில் நின்றிருந்தால் உறுப்பினரைக் குறை சொல்லாதீர்கள். சிறப்புக் குறிப்பு என்பது வேறு: 250 சொற்களுக்குள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து வாசிப்பது. ஒருவரின் உழைப்பை அளக்க மசோதா விவாதங்களைத்தான் பார்க்க வேண்டும். எந்தப் பிரிவை எடுத்துப் பேசினார், என்ன திருத்தம் கொடுத்தார் என்பது அங்கே தெரிந்துவிடும். ஆனால் கட்சியின் பலத்தை வைத்தே நேரம் ஒதுக்குவதால், சிறிய கட்சிக்காரருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். அவர் பேச்சின் நீளத்தைப் பார்த்து மதிப்பிடுவது அநியாயம்.

கேள்வி: தனிநபர் மசோதாவால் ஏதாவது பயன் உண்டா? (வாசகி, மதுரை)

பதில்: உண்டு. அமைச்சராக இல்லாத உறுப்பினர் கொண்டுவருவதுதான் தனிநபர் மசோதா. திருநங்கை, திருநம்பியர் உரிமைக்காக மாநிலங்களவையில் தி.மு.க.வின் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவைப் பாருங்கள். தனிநபர் மசோதாக்களுக்கு வெள்ளிக்கிழமை பிற்பகல்தான். வழக்கமாக அமைச்சர் ‘அரசு கவனிக்கும், திரும்பப் பெறுங்கள்’ என்பார், உறுப்பினரும் திரும்பப் பெற்றுக்கொள்வார். சிவாவிடமும் அப்படிக் கேட்டார்கள். அவர் இணங்காமல் வாக்கெடுப்புக்கு விடச் சொன்னார். 2015 ஏப்ரல் 24 அன்று குரல் வாக்கெடுப்பில் ஒருமனதாக மசோதா நிறைவேறியது. தனிநபர் மசோதா ஒன்றுக்கு மாநிலங்களவை ஒப்புதல் தந்து அப்போது 45 ஆண்டுகள் ஆகியிருந்தன. மக்களவையில் அது சட்டமாகவில்லை. 2019இல் அதே பொருளில் அரசு தன் மசோதாவைக் கொண்டுவந்தபோது, அதை விரிவாக ஆராய உறுப்பினர்கள் அடங்கிய தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொல்லி அதே சிவா தீர்மானம் கொடுத்தார், அது தோற்றது. இந்த இரண்டு நாள் குறிப்புகளையும் அடுத்தடுத்துப் படியுங்கள். அவையில் வாதாடுவது என்றால் என்னவென்று புரியும்.

கேள்வி: தமிழில் பேசினால் குறிப்பில் தமிழ் இருக்குமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்புதான் இருக்கும், மூலப் பேச்சு தமிழில் நிகழ்த்தப்பட்டது என்ற குறிப்போடு. சொன்ன சொல்லும் குரலும் வேண்டுமென்றால், அந்த நாளின் காணொளியைக் கேளுங்கள்.