பழைய கான்கிரீட்டை உடைத்த ஜல்லி: கேள்வி பதில்

கேள்வி (திருச்சி): பழைய மாடி வீட்டை இடிக்கிறோம். இடிபாட்டை உடைத்துப் புது வீட்டின் தூண்களுக்கும் பீம்களுக்கும் ஜல்லியாகப் பயன்படுத்தலாமா?

பதில்: எதை உடைத்த ஜல்லி என்பதே முதற்கேள்வி. செங்கல், ஓடு, பூச்சு எல்லாம் கலந்த இடிபாட்டின் ஜல்லியை, ஜல்லி, மணலுக்கான இந்தியத் தரநிர்ணயமான ஐ.எஸ். 383-இன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு எம்15 தரத்துக்குக் (எம் எண் கூடினால் வலிமை கூடுதல்) குறைந்த கான்கிரீட்டுக்கு மட்டுமே அனுமதிக்கிறது. கான்கிரீட்டை மட்டும் தனியே பிரித்து, கம்பி நீக்கி, உடைத்துச் சலித்த ஜல்லியாக இருந்தால், எம்25 வரையிலான கம்பி கட்டிய கான்கிரீட்டில் மொத்த ஜல்லியில் 20 விழுக்காடு வரையிலும், கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 விழுக்காடு வரையிலும் சேர்க்கலாம். வாசலில் சம்மட்டியால் உடைத்ததைத் தூணில் போட நான் சம்மதிக்க மாட்டேன். அஸ்திவாரத்துக்கு அடியில் போடும், எம்15-க்குக் குறைந்த கம்பியில்லாக் கான்கிரீட்டான பிசிசிக்கு அது தாராளமாக உதவும்.

கேள்வி (சென்னை): எங்கள் மனை கடலை ஒட்டியுள்ளது. அந்த 20 விழுக்காடு எங்களுக்கும் பொருந்துமா?

பதில்: பொருந்தாது. கடற்கரைச் சூழலுக்கு நேரடியாக வெளிப்படும் கம்பி கான்கிரீட் குறைந்தது எம்30 ஆக இருக்க வேண்டும் என்கிறது கான்கிரீட் கட்டுமானத்துக்கான தரநிர்ணயமான ஐ.எஸ். 456; மறுசுழற்சி ஜல்லிக்கான அனுமதியோ எம்25-உடன் நின்றுவிடுகிறது.

கேள்வி (கோவை): இந்த ஜல்லியைச் சேர்த்தால் கலவை சீக்கிரம் இறுகிவிடுவதாக மேஸ்திரி குறைசொல்கிறார். சிமெண்டில் கோளாறா?

பதில்: சிமெண்டைக் குறைசொல்லும் முன் ஜல்லியைப் பாருங்கள். ஒரு துண்டைக் கையிலெடுத்தால் ஒரு பக்கம் கருங்கல்லும் மறுபக்கம் அதை விடாமல் பற்றியிருக்கும் பழைய சாந்தும் தெரியும். இரண்டின் மேலும் ஒரு சொட்டு நீர் விட்டால், கல்லின் மேல் அது நிற்கும், சாந்து உறிஞ்சிக்கொள்ளும். ஒரு கனமீட்டர் கான்கிரீட்டில் ஏறத்தாழ 1,100 கிலோ ஜல்லி எனக் கொண்டால், அதில் 20 விழுக்காடான 220 கிலோ, 5 விழுக்காடு நீருறிஞ்சும் தன்மையுடையதாக இருக்கும்போது, உலர்ந்த நிலையில் 11 லிட்டர் வரை குடித்துவிடும். அதே எடைக் கருங்கல் ஜல்லிக்கு ஓரிரு லிட்டர் போதும். கலவை இறுகியதும் குழாயைத் திறந்து அளவின்றி நீர் விடுவதுதான் உண்மையான ஆபத்து, ஏனெனில் நீர்-சிமெண்ட் விகிதம் அங்கேதான் கெடுகிறது. முந்தைய நாளே ஜல்லியை நனைத்து, மேற்பரப்பு நீர் வடிந்தபின் கலக்கச் சொல்லுங்கள். நீருறிஞ்சும் அளவு 10 விழுக்காடு வரையுள்ள மறுசுழற்சி ஜல்லியைத் தரநிர்ணயம் ஏற்பதும் முன்கூட்டி நனைக்கும் நிபந்தனையோடுதான்.

கேள்வி (மதுரை): வலிமை குறையுமா?

பதில்: 20 விழுக்காட்டுக்குள் அமுக்க வலிமையில் பெரிய வேறுபாடு பொதுவாகத் தெரிவதில்லை. கவனிக்க வேண்டியவை விறைப்பும் உலர்சுருக்கமும்தான். பழைய சாந்து கல்லைவிட மென்மையானது என்பதால், கலக்கும் அளவு கூடக்கூட விறைப்பு குறையும், சுருக்கம் மிகும். ஆகவே நீண்டு தொங்கும் பால்கனியில் இதைத் தவிர்ப்பேன்.

கேள்வி (சேலம்): ஜல்லி தருபவரிடம் எந்தச் சோதனைகளைக் கேட்பது?

பதில்: நீருறிஞ்சும் அளவு, அடர்த்தி எண், குளோரைடு, சல்பேட் ஆகியவற்றின் அறிக்கைகளை லோடு வாரியாகக் கேளுங்கள், ஏனெனில் நேற்றைய லோடு வேறு கட்டடத்திலிருந்து வந்திருக்கும். ஜிப்சம் பூச்சு கலந்திருந்தால் சல்பேட் ஏறும். உப்புநீரில் கட்டிய பழைய கட்டடமானால் குளோரைடு மிகுந்து கம்பி துருப்பிடிக்கும். அத்தகைய லோடை விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.